ஒரே பெயர், இரண்டு வேகம்: கிராஃபிக்ஸ் கார்டு வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு



கணினிக் கடையில் இரண்டு பெட்டிகள் அருகருகே இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டின் மீதும் ‘ஜிடி 1030, 2 ஜிபி’ என்று ஒரே பெயர்தான் அச்சிடப்பட்டிருக்கிறது. முதல் வகை 2017ஆம் ஆண்டு வெளிவந்தது. இரண்டாவது, மறு ஆண்டு அதே பெயரில் வந்தது. முதல் கார்டின் நினைவகம் ஒரு விநாடிக்கு 48 ஜிகாபைட் தரவை அனுப்பும். இரண்டாவது அனுப்புவது 16.8 ஜிகாபைட் மட்டுமே. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. இந்த வேறுபாட்டைச் சொல்வது பெட்டியிலுள்ள ஒரே ஒரு சிறு வரி: ஒன்றில் ‘ஜிடிடிஆர்5’, மற்றொன்றில் ‘டிடிஆர்4’.

தீபாவளிப் பணத்தையும் பள்ளி விடுமுறையில் வேலை செய்து ஈட்டிய பணத்தையும் சேர்த்து வைத்து, குறைந்த செலவில் விளையாட்டுக் கணினி ஒன்றை அமைக்க நினைக்கும் மாணவருக்கு அந்தச் சிறு வரி முக்கியம். பெட்டியைத் திறந்து கணினியில் பொருத்திய பிறகு, ‘மெதுவாக இருக்கிறது’ என்ற காரணத்துக்காகக் கடைக்காரர் பணத்தைத் திருப்பித் தரமாட்டார். நல்ல வேளையாக, இந்தக் கணக்குகளுக்குப் பெருக்கலும் வகுத்தலும் போதும். இந்த வாரம் அவற்றைப் படிப்படியாகப் போட்டுப் பார்ப்போம்.

கார்டு என்ன வேலை செய்கிறது?

தீபாவளி நெருங்கும்போது நம் நாட்டுப் பேரங்காடிகளில் பெரிய ரங்கோலி போடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒருவர் கோட்டுருவம் வரைவார். பிறகு பலர் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு கட்டத்தில் வண்ணம் நிரப்புவார்கள். ஒருவர் கட்டம் முடியட்டும் என்று மற்றவர் காத்திருக்கத் தேவையில்லை. எல்லாரும் ஒரே நேரத்தில் வேலை செய்யலாம்.

கணினித் திரையும் அப்படிப்பட்ட ரங்கோலிதான். அதன் கட்டங்களுக்குப் பெயர் பிக்சல். கோட்டுருவம் வரைபவர் கணினியின் செயலி, அதாவது பிராசசர். எந்தக் கதாபாத்திரம் எங்கே நிற்கிறது, பந்து எந்தத் திசையில் போகிறது என்பதை அது முடிவு செய்யும். வண்ணம் நிரப்பும் கூட்டம்தான் கிராஃபிக்ஸ் கார்டு. அதன் சில்லில் நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான சிறு கணக்கீட்டு அலகுகள் உள்ளன. மேலே சொன்ன ஜிடி 1030இல் 384 அலகுகள். ஆர்டிஎக்ஸ் 3050இன் 8 ஜிபி வகையில் 2,560.

ஆனால் கைகள் மட்டும் இருந்தால் ரங்கோலி முடியாது. வண்ணப்பொடி வந்துகொண்டே இருக்க வேண்டும். பொடி வைக்கும் தட்டு எவ்வளவு பெரியது என்பது கார்டின் நினைவக அளவு; பெட்டியில் ‘8 ஜிபி’ என்று போட்டிருப்பது அதைத்தான். தட்டிலிருந்து பொடி எவ்வளவு விரைவாகக் கைகளுக்கு வந்து சேர்கிறது என்பது நினைவக வேகம். விளம்பரங்கள் தட்டின் அளவைப் பெரிய எழுத்தில் போடும். வேகத்தைச் சொல்லாமல் விட்டுவிடும்.

முதல் கணக்கு: உங்கள் திரை

கார்டைப் பார்க்கும் முன் திரையைப் பாருங்கள். சாதாரண முழு எச்டி திரையில் கிடையாக 1,920 பிக்சல், செங்குத்தாக 1,080 பிக்சல்.

1,920 × 1,080 = 20,73,600

ஏறக்குறைய 20 லட்சம் பிக்சல். ஒரு விநாடிக்கு 60 படங்கள், அதாவது 60 ஃபிரேம், வேண்டுமானால்:

20,73,600 × 60 = 12,44,16,000

விநாடிக்குச் சுமார் 12 கோடி பிக்சல்களுக்கு வண்ணம் தீர்மானிக்க வேண்டும். திரை 2,560 × 1,440 என்றால் பிக்சல் எண்ணிக்கை சுமார் 1.8 மடங்காகிவிடும். 4கே திரை என்றால் சரியாக 4 மடங்கு.

திரைக்கு இன்னோர் எண்ணும் உண்டு: ஹெர்ட்ஸ். 60 ஹெர்ட்ஸ் திரை விநாடிக்கு 60 முறைதான் படத்தை மாற்றும். கார்டு 120 ஃபிரேம் உருவாக்கினாலும், அந்தத் திரை 120 முழுப் படங்களைக் காட்டாது. ஆகவே, வீட்டில் இருப்பது 60 ஹெர்ட்ஸ் முழு எச்டி திரை, அதை மாற்றும் எண்ணமும் இல்லை என்றால், 4கே விளையாட்டுக்கென விற்கப்படும் கார்டு உங்களுக்குத் தேவையில்லை. செலவைக் குறைக்கும் முதல் முடிவு இங்கேயே கிடைத்துவிட்டது.

இரண்டாம் கணக்கு: நினைவக வேகம்

தயாரிப்பாளரின் அகப்பக்கத்தில் ஒவ்வொரு கார்டுக்கும் விவரப் பட்டியல் இருக்கும். அதில் இரண்டு வரிகளைத் தேடுங்கள். ஒன்று ‘மெமரி பஸ்’ அல்லது ‘மெமரி இன்டர்ஃபேஸ்’. இது பிட் கணக்கில் இருக்கும். மற்றொன்று ‘மெமரி ஸ்பீட்’. இது விநாடிக்கு ஜிகாபிட் கணக்கில் இருக்கும். பஸ் என்பதைச் சாலையின் தடங்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். 64 பிட் என்றால் 64 தடம், 128 பிட் என்றால் 128 தடம். ஒவ்வொரு தடத்திலும் விநாடிக்கு எத்தனை பிட் ஓடுகிறது என்பது இரண்டாவது எண். 8 பிட் சேர்ந்தால் 1 பைட் என்பதால் கடைசியில் 8ஆல் வகுக்கிறோம்.

நினைவக வேகம் = தடங்கள் × ஒரு தடத்தின் வேகம் ÷ 8

இதே சூத்திரத்தைச் சில கார்டுகளுக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஜிடி 1030, ஜிடிடிஆர்5 வகை: 64 × 6 ÷ 8 = 48 ஜிகாபைட்
ஜிடி 1030, டிடிஆர்4 வகை: 64 × 2.1 ÷ 8 = 16.8 ஜிகாபைட்
ஆர்டிஎக்ஸ் 3050, 8 ஜிபி: 128 × 14 ÷ 8 = 224 ஜிகாபைட்
ஆர்டிஎக்ஸ் 3050, 6 ஜிபி: 96 × 14 ÷ 8 = 168 ஜிகாபைட்
ஆர்டிஎக்ஸ் 3060, 12 ஜிபி: 192 × 15 ÷ 8 = 360 ஜிகாபைட்
ஆர்டிஎக்ஸ் 3060, 8 ஜிபி: 128 × 15 ÷ 8 = 240 ஜிகாபைட்

பட்டியலை ஒருமுறை மேலிருந்து கீழாகப் பாருங்கள். ஒரே பெயருள்ள கார்டுகள் மூன்று இணைகளாக இருக்கின்றன. ஒவ்வோர் இணையிலும் ஒன்று வேகமானது, மற்றது மெதுவானது. ஆர்டிஎக்ஸ் 3050, 3060 இரண்டிலும் 8 ஜிபிக்கும் மற்ற அளவுக்கும் உள்ள வேறுபாடு வெறும் தட்டின் அளவு அன்று. சாலையின் அகலமே மாறியிருக்கிறது. 3050இன் 6 ஜிபி வகையில் கணக்கீட்டு அலகுகளும் 2,304ஆகக் குறைந்துள்ளன. ‘எல்லாம் 3050தான், நினைவகம் மட்டும் கொஞ்சம் குறைவு’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஓர் எச்சரிக்கை. இந்தக் கணக்கு ஒரே குடும்பத்தைச் சேர்ந்த கார்டுகளை ஒப்பிடவே நன்கு உதவும். ஏஎம்டி நிறுவனத்தின் ஆர்எக்ஸ் 6600க்கும் 224 ஜிகாபைட் என்றே விடை வரும். ஆனால் பெரும்பாலான விளையாட்டுகளில் அது ஆர்டிஎக்ஸ் 3050ஐ முந்திவிடும். அதன் சில்லுக்குள்ளேயே 32 மெகாபைட் அளவில் ஒரு சிறு சேமிப்பு இருக்கிறது. அடிக்கடி தேவைப்படும் பொடியைக் கையருகே ஒரு கிண்ணத்தில் வைத்துக்கொள்வது போல. வேறு வேறு நிறுவனங்களின் கார்டுகளை ஒப்பிடும்போது, நீங்கள் விளையாடப் போகும் அதே விளையாட்டில் அளந்த ஃபிரேம் எண்ணிக்கையைப் பார்ப்பதே முறை.

தட்டு நிரம்பி வழிந்தால்?

நினைவக அளவு முக்கியமில்லை என்று பொருளில்லை. விளையாட்டுக்குத் தேவையான படத்தரவு கார்டின் நினைவகத்துக்குள் அடங்காவிட்டால், மீதியைக் கணினியின் பொது நினைவகத்திலிருந்து, மதர்போர்டு வழியாக எடுத்துவர வேண்டும். அந்த வழி மிகக் குறுகியது.

ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி என்ற கார்டை எடுத்துக்கொள்வோம். நினைவகம் 4 ஜிபி, அதன் வேகம் விநாடிக்கு 144 ஜிகாபைட். ஆனால் மதர்போர்டுடன் அது 4 தடங்களில்தான் பேசும். பழைய, மூன்றாம் தலைமுறை பிசிஐ எக்ஸ்பிரஸ் மதர்போர்டில் ஒரு தடம் விநாடிக்குச் சுமார் 1 ஜிகாபைட். நான்கும் சேர்ந்து 4 ஜிகாபைட். 144உடன் ஒப்பிட்டால் 36 மடங்கு மெதுவு. தட்டு நிரம்பிய அந்த நொடியில் படம் திக்கித் திக்கி ஓடும். நான்காம் தலைமுறை மதர்போர்டில் இந்த வழி இரு மடங்கு அகலமாகும். ஆகவே இந்தக் கார்டு பழைய கணினிக்கு ஏற்றதன்று. விலை மலிவு என்பதால் அதைத் தேடுபவர்களோ, பெரும்பாலும் பழைய கணினி வைத்திருப்பவர்களே.

முழு எச்டி திரையில் புதிய, பெரிய விளையாட்டுகளை விளையாட விரும்பினால் 8 ஜிபி நினைவகத்தைக் குறிக்கோளாக வையுங்கள். வேலரண்ட், டோட்டா 2 போன்ற இணைய விளையாட்டுகளுக்கு 4 ஜிபியே போதும்.

மூன்றாம் கணக்கு: வாட்

இயற்பியலில் படித்த சூத்திரம் இங்கே வேலைக்கு வருகிறது.

மின்திறன் = மின்னழுத்தம் × மின்னோட்டம்

மதர்போர்டில் கார்டைச் செருகும் துளை அதிகபட்சம் 75 வாட் தரும். அதற்கு மேல் தேவைப்படும் கார்டுக்கு பவர் சப்ளையிலிருந்து நேரடியாக ஒரு வடம் வர வேண்டும். 6 முனை வடம் 75 வாட் வரையும், 8 முனை வடம் 150 வாட் வரையும் தரும். ஆர்எக்ஸ் 6600 கார்டுக்கு 132 வாட் தேவை. பவர் சப்ளை 12 வோல்ட்டில் தருவதால், மின்னோட்டம் 132 ÷ 12 = 11 ஆம்பியர். வீட்டுச் சுவர் பிளக்கின் ஃபியூஸ் பெரும்பாலும் 13 ஆம்பியர் என்பதை நினைத்துப் பாருங்கள். அதற்கு நெருக்கமான மின்னோட்டம் ஒரு சிறு கார்டுக்குள் ஓடுகிறது.

அலுவலகங்கள் கழித்துவிட்ட பழைய மேசைக் கணினியை வாங்கி, அதில் கார்டைச் செருகுவது பலரும் பின்பற்றும் மலிவான வழி. அத்தகைய கணினிகள் பலவற்றில் சிறிய பவர் சப்ளைதான் இருக்கும். 8 முனை வடமே இருக்காது. அதற்காக, ஹார்டு டிஸ்க்குக்கான சாட்டா வடத்தை 8 முனையாக மாற்றும் மலிவான இணைப்பியை வாங்காதீர்கள். சாட்டா முனை 12 வோல்ட்டில் தரக்கூடியது 54 வாட் மட்டுமே. அதிலிருந்து 100 வாட் இழுத்தால் முனை சூடேறி உருகலாம், தீப்பற்றவும் கூடும். இங்கே பணயம் வைப்பது கார்டை மட்டுமன்று, வீட்டையும்.

இந்த இடத்தில் ஆர்டிஎக்ஸ் 3050இன் 6 ஜிபி வகையை மீண்டும் பாருங்கள். இரண்டில் அதுவே மெதுவானது என்று கணக்கிட்டோம். ஆனால் அதற்குத் தேவை 70 வாட் மட்டுமே. பெரும்பாலான மாதிரிகளுக்குத் தனி வடம் வேண்டாம். 8 ஜிபி வகைக்கோ 130 வாட் தேவை. வடம் இல்லாத பழைய அலுவலகக் கணினி வைத்திருப்பவருக்கு, மெதுவான கார்டே சரியான கார்டு. கேசிங்கின் உயரத்தையும் நீளத்தையும் அளவுகோலால் அளந்துவிட்டுக் கடைக்குப் போங்கள். மெலிந்த கேசிங்குக்குக் குட்டையான மாதிரி வேண்டும்.

புதிதாகக் கணினி அமைப்பவர்கள், பவர் சப்ளையில் பணத்தை மிச்சம் பிடிக்கக் கூடாது. ஆர்எக்ஸ் 6600க்கு அதன் தயாரிப்பாளர் பரிந்துரைப்பது, கணினி முழுவதற்கும் சேர்த்து 450 வாட் பவர் சப்ளை.

நான்காம் கணக்கு: யாருக்காக யார் காத்திருக்கிறார்கள்?

கோட்டுருவம் வரைபவர் மெதுவாக வரைந்தால், வண்ணம் நிரப்பும் கூட்டம் கைகட்டிக் காத்திருக்கும். உதாரணத்துக்கு, ஒரு ஃபிரேமுக்கான வேலையைச் செயலி 14 மில்லி விநாடியிலும், கார்டு 8 மில்லி விநாடியிலும் முடிப்பதாகக் கொள்வோம். ஒரு விநாடி என்பது 1,000 மில்லி விநாடி. இருவரும் ஒரே நேரத்தில் அடுத்தடுத்த ஃபிரேம்களில் வேலை செய்வதால், மெதுவானவரே வேகத்தைத் தீர்மானிப்பார்.

1,000 ÷ 14 = சுமார் 71 ஃபிரேம்

இப்போது இரு மடங்கு விலை கொடுத்து, 4 மில்லி விநாடியில் முடிக்கும் கார்டை வாங்குகிறீர்கள். விடை என்ன? அதே 71 ஃபிரேம்தான். போட்ட பணம் காத்திருப்பதிலேயே கழிகிறது.

உங்கள் கணினியில் யார் மெதுவானவர் என்பதைக் கண்டறிய ஒரு பரிசோதனை செய்யலாம். விளையாட்டின் ஒரே காட்சியை இருமுறை ஓட்டுங்கள். முதல் முறை திரையின் முழுப் பிக்சல் அளவில்; இரண்டாம் முறை 1,280 × 720 என்று குறைத்து. மற்ற அமைப்புகளைத் தொடாதீர்கள். தமிழ்ப்பள்ளியில் படித்த அறிவியல் செயற்பாங்கு நினைவிருக்கிறதா? இங்கே பிக்சல் அளவு தற்சார்பு மாறி, ஃபிரேம் எண்ணிக்கை சார்பு மாறி, மற்ற அமைப்புகள் கட்டுப்படுத்தப்பட்ட மாறி. பிக்சலைக் குறைத்ததும் ஃபிரேம் நன்றாக ஏறினால், தடையாக இருந்தது கார்டு. அதை மாற்றுவதில் பயன் உண்டு. ஏறாவிட்டால் தடை பெரும்பாலும் செயலி. புதிய கார்டு உதவாது.

கார்டே வாங்காமல் இருக்கலாமா?

இருக்கலாம். ரைசன் 5 5600ஜி போன்ற சில செயலிகளுக்குள்ளேயே கிராஃபிக்ஸ் பகுதி உண்டு. அது தனி நினைவகம் இல்லாமல், கணினியின் பொது நினைவகத்தையே பயன்படுத்தும். அந்த நினைவகம் டிடிஆர்4 3200 வகையாக இருந்தால், ஒரு பாதையின் வேகம் விநாடிக்கு 25.6 ஜிகாபைட். 16 ஜிபியை ஒரே பலகையாக வாங்கினால் இந்த வேகம்தான் கிடைக்கும். 8 ஜிபி பலகை இரண்டாக வாங்கி, மதர்போர்டுக் கையேட்டில் சொன்ன துளைகளில் செருகினால் இரு பாதைகளும் திறக்கும், வேகம் 51.2 ஜிகாபைட். மொத்த அளவு அதேதான். படமோ முன்பைவிடச் சீராக ஓடும்.

51.2 என்பது ஜிடி 1030இன் நல்ல வகையான 48ஐவிட அதிகம் என்பதைக் கவனித்தீர்களா? பொது நினைவகத்தைச் செயலியும் பங்கு போட்டுக்கொள்ளும் என்றாலும், எளிய விளையாட்டுகளுக்கு இது போதும். மிகக் குறைந்த விலைக் கார்டு ஒன்றை அவசரமாக வாங்குவதைவிட, இப்படித் தொடங்கி, பணம் சேர்ந்ததும் நல்ல கார்டை வாங்குவது பல நேரங்களில் நல்ல வழி.

ஐந்தாம் கணக்கு: ஒரு ஃபிரேமின் விலை

விலைகள் மாதத்துக்கு மாதம் மாறும் என்பதால் கற்பனை எண்களையே எடுத்துக்கொள்வோம். ஒரே விளையாட்டில்,

கார்டு அ: 600 ரிங்கிட், 40 ஃபிரேம். 600 ÷ 40 = ஒரு ஃபிரேமுக்கு 15 ரிங்கிட்
கார்டு ஆ: 900 ரிங்கிட், 75 ஃபிரேம். 900 ÷ 75 = 12 ரிங்கிட்
கார்டு இ: 1,200 ரிங்கிட், 96 ஃபிரேம். 1,200 ÷ 96 = 12 ரிங்கிட் 50 சென்

மலிவான கார்டு உண்மையில் மலிவானது அன்று. உங்கள் திரை 60 ஹெர்ட்ஸ் என்றால் கார்டு ‘இ’க்குக் கூடுதலாகத் தரும் 300 ரிங்கிட்டும் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது. சராசரி ஃபிரேமோடு, மிக மெதுவான தருணங்களில் எத்தனை ஃபிரேம் என்பதையும் பாருங்கள். சராசரி 75ஆக இருந்தும் அடிக்கடி 20க்கு இறங்கினால் விளையாட முடியாது.

பழைய கார்டு வாங்குகிறீர்களா?

இணைய விற்பனைத் தளங்களில் பயன்படுத்திய கார்டுகள் பாதி விலைக்குக் கிடைக்கும். அவற்றில் போலிகளும் உண்டு. பல ஆண்டு பழைய சில்லின் மென்பொருளை மாற்றி, கணினிக்குப் புதிய பெயரைக் காட்டும்படி செய்து விற்பார்கள். விண்டோஸ் காட்டும் பெயரை மட்டும் நம்பாதீர்கள். ஜிபியூ இசட் என்ற இலவச மென்பொருள் சில்லின் உண்மை விவரங்களைப் படித்து, பல போலிகளைக் காட்டிக்கொடுக்கும்.

முடிந்தவரை பெரியவர் ஒருவருடன் நேரில் போய்ப் பாருங்கள். ஏதாவது ஒரு விளையாட்டைக் கால் மணி நேரமாவது ஓட்டச் சொல்லுங்கள். திரையில் புள்ளிகளோ கோடுகளோ தோன்றினால், விசிறி கரகரத்தால், வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாருங்கள். ரசீதும் உத்தரவாதமும் இருந்தால் சற்றுக் கூடுதலாகக் கொடுத்தாலும் தவறில்லை. புதிய கார்டானால் கோலாலம்பூர் லோயாட் பிளாசா போன்ற இடங்களில் ஒரே கார்டின் விலையை மூன்று, நான்கு கடைகளில் விசாரிக்கலாம். அப்போது பெயரை மட்டும் சொல்லாதீர்கள். நினைவக வகை, ஜிபி, பிட், வாட் நான்கையும் தாளில் எழுதிக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள். கடைக்காரர் எடுத்துத் தரும் பெட்டியில் அதே எண்கள் உள்ளனவா என்று பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

செய்து பாருங்கள்

1. ஒரு கார்டின் பஸ் 256 பிட், ஒரு தடத்தின் வேகம் விநாடிக்கு 16 ஜிகாபிட். நினைவக வேகம் என்ன?

2. 144 ஹெர்ட்ஸ் திரைக்கு விநாடிக்கு 144 ஃபிரேம் தர வேண்டுமானால், ஒரு ஃபிரேமை எத்தனை மில்லி விநாடிக்குள் முடிக்க வேண்டும்?

3. 132 வாட் கார்டு தினமும் 2 மணி நேரம் முழு வேகத்தில் 30 நாள் ஓடினால் எத்தனை கிலோவாட் மணி மின்சாரம் செலவாகும்? வீட்டு மின்கட்டண ரசீதைப் பார்த்து அதன் விலையையும் கணக்கிடுங்கள்.

4. ஒரு கணினியில் பிக்சல் அளவைக் குறைத்தபோது ஃபிரேம் 58இலிருந்து 59ஆக மட்டுமே ஏறியது. அதன் உரிமையாளர் புதிய கார்டு வாங்க 1,000 ரிங்கிட் வைத்திருக்கிறார். அவருக்கு என்ன சொல்வீர்கள்?

விடைகள்: 1) 512 ஜிகாபைட். 2) 1,000 ÷ 144 = சுமார் 6.9 மில்லி விநாடி. 3) 132 × 2 × 30 = 7,920 வாட் மணி, அதாவது 7.92 கிலோவாட் மணி. 4) கார்டு காத்திருக்கிறது; தடை செயலியாக இருக்கலாம். கார்டுக்கு என்று வைத்த 1,000 ரிங்கிட்டை இப்போது செலவிட வேண்டாம்.